ஆறு நாள் விரதமும் செம்மஞ்சள் பம்பும்

சிவனேஸ்வரியின் பெயரை மாற்றி எழுதுவதாகத்தான் இருந்தேன். அவர் விடவில்லை. “பேரை மாத்தினால் அது ஆரோ ஒருத்தியின்ர கதையாப் போயிடும் அண்ணை. என்ர பேரிலேயே எழுதுங்கோ,” என்றார். ஆகவே பெயர் அதுதான். சிவனேஸ்வரி வரதராஜன், வயது ஐம்பத்தாறு, சிட்னிக்கு வந்து இருபத்தெட்டு வருடம். செவன் ஹில்ஸில் ஒரு மருந்துக்கடையில் முன்மேசையில் நிற்கிறார். எங்கள் ஆட்கள் தொய்வு என்று சொல்லும் ஆஸ்துமாவுக்கு நான் பதினொரு வருடமாக அங்கேதான் மருந்து வாங்குகிறேன்.

அவர் பார்மசிஸ்ட் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் எங்கள் சனத்துக்கு அந்த வித்தியாசம் ஒருநாளும் விளங்கியதில்லை. உள்ளே உயரமான மேசைக்குப் பின்னால் நிற்கிற லான் என்ற வியட்நாமியப் பெண்தான் பார்மசிஸ்ட். எதைக் கேட்டாலும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ஆறுதலாகப் பதில் சொல்வார். ஆனால் அவரிடம் ஆங்கிலத்தில் கேட்க எங்களுக்கு வெட்கம். சிவனேஸ்வரியிடம் வெட்கமில்லை. சுகர் குளிசையைச் சாப்பாட்டுக்கு முதல் போடுவதா பிறகு போடுவதா, பிள்ளைக்கு எந்தச் சளிப்பாணி நல்லது, மனிசனுக்கு நெஞ்சு எரிகிறது, எல்லாம் அவரிடம்தான். காசில்லாத டொக்டர். நானும் கேட்டிருக்கிறேன், ஆகையால் மற்றவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

தொய்வுக்காரர் மருந்தை மூச்சோடு உள்ளே இழுக்கிற பம்ப் அடிக்கப் பழக்குவதில் மட்டும் அவருக்கு முறையான பயிற்சி இருந்தது. ஒருநாள் வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கியவர். மேசை இழுப்பறையில் மருந்தில்லாத பழக்குகிற பம்ப் ஒன்று வைத்திருந்தார். புதிதாக மருந்து எழுதிக்கொண்டு வருபவரை ஓரமாக நிறுத்தி அதைக் கையில் கொடுப்பார். “குலுக்கும். மூச்சை முழுக்க வெளியில விடும். வாயில வைச்சு அமத்திக்கொண்டு ஆறுதலா இழும். இப்ப பத்து எண்ணும்.” பத்து வரும்வரை தானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பத்தில் இருவரும் சேர்ந்து மூச்சு விடுவார்கள்.

நீலம், செம்மஞ்சள் என்று எங்களுக்குத் தருகிற இரண்டு பம்பின் கதையையும் அவர் சொல்லி நான் பலமுறை கேட்டிருக்கிறேன். “நீலம் அடிச்ச உடன நெஞ்சு திறக்கும், அதால எல்லாருக்கும் அதிலதான் பட்சம். செம்மஞ்சள் அடிச்சால் ஒண்டும் தெரியாது. தெரியாட்டிலும் அதுதான் மூச்சுக்குழாய்க்குள்ள வீக்கத்தை வத்த வைக்கிறது. சுகமா இருக்கிற நாளிலயும் காலமையும் பின்னேரமும் அடிக்க வேணும். அடிச்சிட்டு வாயைக் கொப்பளிச்சுத் துப்புங்கோ, இல்லாட்டி நாக்கில வெள்ளை படியும்.” இவ்வளவும் அவருக்குத் தெரியும். தெரியாமல் செய்த பிழை என்று தப்ப அவருக்கு வழியில்லை, அதை அவரே முதலில் சொல்லிவிடுவார்.

ஜசிந்தன் அவரிடம் பம்ப் அடிக்கப் பழகியவன். முப்பத்துநாலு வயது. கப்பலில் வந்து, முகாமில் இருந்து, தற்காலிக விசாவில் வருடங்களை ஓட்டியவன். செவன் ஹில்ஸில் மரத்தட்டுகள் அடிக்கிற தொழிற்சாலையில் வேலை, சட்டை முழுக்க மரத்தூள். அவன் மனைவி நிரஞ்சினியும் அப்படிக் கப்பலில் வந்தவள்தான், இங்கே சந்தித்துக் கலியாணம் செய்தார்கள். ஐந்து வருடமாகப் பிள்ளையில்லை. கடைக்குள் வரும்போது அவன் தொண்டையை இரண்டு தரம் செருமுவான். கதவு மணி அடிக்கும், பிறகு அந்தச் செருமல் கேட்கும். நிமிர்ந்து பார்க்காமலே சிவனேஸ்வரிக்கு ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

அந்த வருடம் கந்தசட்டி தொடங்கிய அன்று மத்தியானம் அவன் வந்தான். மணிக்கட்டில் தர்ப்பைக் காப்பு இருந்தது. சிவனேஸ்வரியின் கையிலும் இருந்தது. அவர் முப்பத்தோராவது வருடமாகப் பிடிக்கிறார், ஆறு நாளும் பகலில் பச்சைத்தண்ணீரும் இல்லை, இரவுப் பூசைக்குப் பிறகு தண்ணீரும் மிளகும் மட்டும். இந்த விரதத்தில் அவருக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. வெறும் வயிற்றோடு எட்டு மணித்தியாலம் நின்று வேலை செய்வதைப் பார்த்து நாங்களும் புகழ்ந்து புகழ்ந்து அந்தப் பெருமையை வளர்த்துவிட்டிருந்தோம்.

“அன்ரி, கந்தசட்டிக்கு இந்தச் செம்மஞ்சள் பம்ப் அடிக்கலாமோ?” என்று கேட்டான். பம்பைக் கையில் கொண்டுவந்திருந்தான். “அடிச்சால் வாய் கொப்பளிக்க வேணும். தண்ணி உள்ள போனால் விரதம் முறிஞ்சு போமெண்டு வீட்டில சொல்லுறா.”

“நீரும் பிடிக்கிறீரோ?”

“ஓம், இந்த முறை ரெண்டு பேரும். பிள்ளைக்காண்டி.”

அவனுக்குப் பின்னால் இரண்டு பேர் நின்றார்கள். லான் தன் மேசையில் ஒரு கிழவருக்குக் குளிசைப் பெட்டி நிரப்பிக்கொண்டிருந்தார், பத்து எட்டு வைத்தால் போய்க் கேட்டுவிடலாம். சிவனேஸ்வரி கேட்கவில்லை. விரதத்தைப் பற்றி லானுக்கு என்ன தெரியும் என்று நினைத்தாராம். பிள்ளைக்கு ஏங்குகிறவன் முதல்நாளே மனம் சஞ்சலப்பட்டு நிற்கிறானே என்றும் நினைத்தாராம். “ஆறு நாள்தானே தம்பி,” என்றார். “ஆறு நாள் விட்டால் ஒண்டும் வராது. நீலத்தை மட்டும் கையோட வைச்சிரும்.”

அவன் முகம் தெளிந்துவிட்டது. “நன்றி அன்ரி, போட்டு வாறன்,” என்று போனான்.

அந்த மருந்தின் குணம் இதுதான். நிறுத்தினாலும் முதல் ஒன்றிரண்டு நாள் பெரிதாக ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். அடித்த மருந்தின் பலன் மிச்சமிருக்கும், நெஞ்சு சுகமாக இருக்கும், இது இல்லாமலும் இருக்கலாம் போலிருக்கிறதே என்று ஆளுக்கு ஒரு நம்பிக்கை வரும். உள்ளே வீக்கம் மெல்ல மெல்லத் திரும்பி வருவது அவனுக்குத் தெரியாது. நானே ஒருமுறை இரண்டு கிழமை விட்டுவிட்டு நடக்க முடியாமல் கிடந்தேன். அதற்கு விரதம் காரணமில்லை, சோம்பல்தான் காரணம்.

ஆறாம் நாள் சூரன்போர். நவம்பர் மாதத்துப் பின்னேரம், மேற்கிலிருந்து வெப்பக்காற்று. கோயிலுக்குப் பக்கத்து வெளியில் புல் பூத்துக் கிடந்தது, கண்ணைக் கசக்காத ஆளில்லை. சூரனின் மர உருவத்தைத் தூக்குகிற பெடியள் பன்னிரண்டு பேரில் ஜசிந்தனும் ஒருவன். சூரன் சும்மா வருவதில்லை, முன்னுக்கு ஓடி, பின்னுக்கு ஓடி, சுழன்று, குலுங்கித்தான் வருவான். ஆறு நாள் சாப்பிடாத பெடியள் அந்த மரத்தைத் தோளில் வைத்துக்கொண்டு ஓடினார்கள். சூரனுக்கு யானைத்தலை மாற்றும்போது ஜசிந்தன் வெளியே வந்து, வேட்டி மடிப்பிலிருந்து நீலப் பம்பை எடுத்து இரண்டு தரம் அடித்தான். சிங்கத்தலை மாற்றும்போது திரும்பவும் வந்து அடித்தான்.

சிவனேஸ்வரி அதைப் பார்த்தார். கைகூப்பிக்கொண்டு பெண்கள் பக்கம் நின்றவர், இரண்டு முறையும் பார்த்தார். நான் சொன்னபடி நீலத்தைக் கையோடு வைத்திருக்கிறான், நல்ல பிள்ளை, என்று நினைத்தார். “அதுதான் என்னைத் தின்னுது அண்ணை,” என்று என்னிடம் சொன்னார். “பத்து நிமிசத்துக்குள்ள ரெண்டாந்தரம் அடிக்கிறவன் திரும்பிப்போய்த் தூக்கக் கூடாதெண்டு கடையில நிக்கேக்க எனக்குத் தெரியும். கோயில்ல தெரியேல்ல. நான் அவனைப் பாத்துச் சிரிச்சனான்.”

சூரன் மாமரமாகி, சேவலும் மயிலுமாகி எல்லாம் முடிந்தது. கால் வலிக்கிறது என்று சிவனேஸ்வரி கணவர் வரதராஜனோடு நேரத்தோடு வீட்டுக்குப் போய்விட்டார். அடுத்தநாள் காலையில் விரதம் முடிக்கிற பாறணை. வாழைக்காய்க் கறி, பயற்றங்காய், பருப்பு, பாயாசம். ஆறு நாள் பசி. இரண்டாம் தரம் சோறு போட்டுக்கொண்டிருக்கும்போது வரதராஜனுக்குக் கோயில் ஆட்களிடமிருந்து போன் வந்தது. சூரன்போர் முடிந்தபின் கார் நிறுத்துகிற இடத்தில் ஜசிந்தன் விழுந்தான், ஆம்புலன்ஸ் வந்தது, ஆஸ்பத்திரிக்குப் போய்ச்சேர்ந்தபின் உயிர் போய்விட்டது. கையில் நீலப் பம்பைப் பிடித்தபடி இருந்தானாம். வரதராஜன் போனை வைத்துவிட்டு இதைச் சொன்னார். சிவனேஸ்வரி சாப்பாட்டுக் கோப்பையில் போட்ட சோற்றை எறியவும் முடியாமல் தின்னவும் முடியாமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

அவர் யாருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. கணவருக்கும் சொல்லவில்லை. செத்தவீட்டுக்குப் போய், எல்லோரையும் போல நிரஞ்சினியைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு வந்தார்.

பிறகு கடையில் அவருக்கு அந்தச் செருமல் கேட்கத் தொடங்கியது. கதவு மணி அடிக்கும், இரண்டு செருமல் கேட்கும், நிமிர்ந்தால் வேறு யாரோ நிற்பார்கள், அல்லது ஒருவருமே இருக்கமாட்டார்கள். பழக்குகிற பம்பை அமத்தும்போது வருகிற சீறலைக் கேட்டால் நிமிர்ந்து கதவைப் பார்ப்பார். பத்து எண்ணச் சொல்லிவிட்டுத் தானும் மூச்சைப் பிடிப்பாரே, அப்போது ஏழில் எட்டில் ஒரு பயம் வருமாம், இந்த மூச்சு இனித் திரும்பி வராது என்று. சில நாட்களில் பத்து வரை போகாமல் ஆறில் நிறுத்திவிடுவார். ஆறு என்ற எண்ணே அவருக்குப் பிடிக்காமல் போனது.

கம்ப்யூட்டரில் ஜசிந்தன் உயிரோடு இருந்தான். அவனுடைய செம்மஞ்சள் பம்புக்கு இன்னும் நாலு முறை வாங்க மருந்துச்சீட்டு பதிவில் கிடந்தது. மருந்து முடிகிற நாள் வந்தால் கடையின் கம்ப்யூட்டர் தானாகவே போனுக்குச் செய்தி அனுப்பும். இறந்தவர் என்று எழுதிய சின்னக் கட்டத்தைத் தொட்டுவிட்டால் நின்றுவிடும். ஒவ்வொரு மாதமும் சிவனேஸ்வரி அவன் பெயரைத் திறப்பார், அந்தக் கட்டத்தைப் பார்ப்பார், மூடிவிடுவார். தொட்டால் யார் இது, எப்படி இறந்தார் என்று லான் கேட்பார் என்ற பயம். அதைவிடப் பெரிய பயமும் ஒன்று இருந்தது. தொட்டால் அவன் உண்மையிலேயே செத்துப்போவான் என்பது போல ஒரு எண்ணம். படித்த மனிசி, ஆனாலும் அப்படித்தான் நினைத்தார்.

ஒன்பதாவது மாதம், ஆகஸ்டில் ஒரு மழைநாள், கதவு மணி அடித்தது. செருமல் இல்லை. நிரஞ்சினி நின்றாள். குடையை மடக்காமல் உள்ளே வந்துவிட்டாள், நிலமெல்லாம் தண்ணீர். கையில் இரண்டு போன்கள். ஒன்றைச் சிவனேஸ்வரியின் பக்கம் நீட்டினாள்.

“அன்ரி, அவருக்கு மெசேஜ் வருது.”

சிவனேஸ்வரி வாங்கிப் பார்த்தார். வணக்கம் ஜசிந்தன், உங்கள் மருந்து தயாராக உள்ளது, கடைக்கு வாருங்கள் என்று ஆங்கிலத்தில் இருந்தது. அதற்கு மேலே அதே செய்தி. அதற்கும் மேலே அதே செய்தி.

“நிப்பாட்டி விடுறன் பிள்ளை. எங்கட பிழை. மன்னிச்சுக்கொள்ளும்.”

“நிப்பாட்டச் சொல்லி வரேல்ல. அவரின்ர போனுக்கு வேற ஒருத்தரும் இப்ப ஒண்டும் அனுப்புறேல்ல.” போனைத் திரும்ப வாங்கிப் பைக்குள் வைத்தாள். பிறகு பைக்குள்ளிருந்து செம்மஞ்சள் பம்பை எடுத்து மேசையில் வைத்தாள். “இது சாமித்தட்டில இருந்தது. திருநீற்றுக் கிண்ணத்துக்குப் பக்கத்தில. பின்னுக்கு ஒரு நம்பர் இருக்கெல்லே, அது என்னெண்டு கேக்கத்தான் வந்தனான்.”

பம்பின் முதுகில் ஒரு சின்னச் சதுரத்தில் 84 என்று இருந்தது. ஒவ்வொருமுறை அமத்தும்போதும் ஒன்று குறைந்துவரும் எண் அது. மிச்சம் எத்தனை முறை அடிக்கலாம் என்று காட்டுவது. சிவனேஸ்வரி இதைச் சொல்லிக்கொடுத்தார்.

நிரஞ்சினி தலையாட்டினாள். அவள் ஏற்கனவே தெரிந்துகொண்டுதான் வந்திருக்கிறாள் என்று சிவனேஸ்வரிக்குப் பட்டது. “அவர் ஒரு நாளைக்கு நாலுதரம் அடிக்கிறவர். எப்ப எடுத்ததெண்டு பெட்டியில திகதி இருக்கு. கணக்குப் போட்டுப் பாத்தனான் அன்ரி. கந்தசட்டி தொடங்கின நாளோட நிண்டு போச்சு.” அவள் குரல் ஏறவில்லை. “அண்டைக்கு விடிய அவர் பம்ப் அடிச்சிட்டு வாய் கொப்பளிச்சுக்கொண்டு நிண்டவர். நான்தான் சொன்னனான், தண்ணி உள்ள போனால் விரதம் முறிஞ்சு போம், பிறகு சாமி பிள்ளை தரமாட்டார் எண்டு. பகிடிக்குத்தான் சொன்னனான். கொண்டுபோய்ச் சாமித்தட்டில வைச்சிட்டார் போல. என்ர ஒரு சொல்லுக்காக ஆரையும் ஒரு வார்த்தை கேக்காமல் மருந்தை விட்டிட்டார். அவ்வளவு விசரோ அந்த மனிசனுக்கு? ஒருத்தரையாவது கேட்டிருக்கலாமே.”

கடையில் ஒரு வெள்ளைக்காரக் கிழவி பற்பசை பார்த்துக்கொண்டு நின்றாள். லான் தன் மேசையில் இருந்தார். சிவனேஸ்வரிக்கு அந்த நேரத்தில் ஒன்று விளங்கியது. ஒன்பது மாதமாகத் தான் ஒளித்து வைத்ததை இந்தப் பெண் தன்னுடையதென்று தலையில் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறாள். தான் வாயைத் திறக்காத ஒவ்வொரு நாளும் அவள் வீட்டில் தனியே இருந்து அந்த 84ஐப் பார்த்திருக்கிறாள். பேசாமல் இருந்தால் இப்படியே போய்விடும், ஒருவருக்கும் தெரியவராது. கேட்டவன் இல்லை. சொன்னவர் மட்டும்தான் இருக்கிறார்.

“கேட்டவர் பிள்ளை,” என்றார் சிவனேஸ்வரி.

நிரஞ்சினி நிமிர்ந்தாள்.

“என்னட்டக் கேட்டவர். இந்த இடத்திலதான். அண்டைக்கு மத்தியானம், இதே பம்பைக் கையில வைச்சுக்கொண்டு. நான்தான் விடச் சொன்னனான். ஆறு நாள்தானே, ஒண்டும் வராதெண்டு சொன்னனான். எனக்கு அது பிழையெண்டு தெரிஞ்சிருக்க வேணும். தெரியும். சொல்லேக்க யோசிக்கேல்ல.”

அதற்குப் பிறகு சிவனேஸ்வரிக்கு, கிழவி பற்பசைக்குக் காசு கொடுத்துவிட்டுப் போனது மட்டும் நினைவிருக்கிறதாம். நிரஞ்சினி அடிப்பாள் என்று எதிர்பார்த்தார். அடித்தால் நல்லது என்றும் நினைத்தார்.

“என்னெண்டு கேட்டவர்?” என்றாள் நிரஞ்சினி. “அவர் கேட்ட மாதிரியே சொல்லுங்கோ.”

சிவனேஸ்வரி சொன்னார். அன்ரி, கந்தசட்டிக்கு இந்தச் செம்மஞ்சள் பம்ப் அடிக்கலாமோ. நிரஞ்சினி திரும்பவும் சொல்லச் சொன்னாள். திரும்பவும் சொன்னார். மூன்றாம் முறை நிரஞ்சினியின் உதடும் கூடச் சேர்ந்து அசைந்தது. புருஷனின் வாயிலிருந்து வந்த ஒரு புது வார்த்தை ஒன்பது மாதத்துக்குப் பிறகு அவளுக்குக் கிடைத்திருக்கிறது. அதை அவள் முதலில் வாங்கி வைத்துக்கொண்டாள். கோபம் அதற்குப் பிறகுதான் வந்தது.

“செத்தவீட்டில என்னைக் கட்டிப்பிடிச்சு அழுதனீங்கள்.”

“ஓம்.”

“அப்ப சொல்லேல்ல.”

“இல்லை.”

“ஒன்பது மாசம் நான்தான் அவரைச் சாகடிச்சனான் எண்டு இருந்தனான் அன்ரி.”

சிவனேஸ்வரி மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். நிரஞ்சினி கையைக் காட்டி நிறுத்திவிட்டாள். “அது வேண்டாம். எனக்கு அதை வைச்சு ஒண்டும் செய்ய ஏலாது. வாற கந்தசட்டிக்குக் காப்புக் கட்டுற அண்டைக்குக் கோயிலுக்கு வந்து இதைச் சொல்லுங்கோ. சனத்துக்கு முன்னால. ஆரோ ஒருத்தி சொன்னாள் எண்டில்லை, நான் சொன்னனான் எண்டு.” பம்பை எடுத்துப் பைக்குள் வைத்தாள். குடையை விரித்தபடியே கதவைத் தாண்டிப் போனாள்.

அன்று வேலை முடியுமுன் சிவனேஸ்வரி லானிடம் போனார். பத்து எட்டு. எண்ணிக்கொண்டு நடந்தாராம். லான் கண்ணாடியைக் கழற்றிவைத்துவிட்டு முழுவதையும் கேட்டார், பிறகு கோபமில்லாமல் ஒன்று கேட்டார்: நான் இங்கேதானே நின்றேன், ஏன் என்னைக் கேட்கவில்லை? லான் அதை எழுத்தில் பதிந்து அனுப்ப வேண்டிய இடத்துக்கு அனுப்பினார். சிவனேஸ்வரியை இரண்டு மாதம் முன்மேசையிலிருந்து எடுத்துப் பின்னால் பெட்டி அடுக்க விட்டார்கள். திரும்பவும் வகுப்புக்குப் போகச் சொன்னார்கள். வேலை போகவில்லை. போயிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும் என்று அவர் நினைக்கிறார். அன்றைக்கு வரதராஜனுக்கும் சொன்னார். அந்த மனிசன் குசினிக்குள் போய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பக்கத்துக் கதிரையில் இருந்தாராம்.

ஐயரிடமும் போய்க் கேட்டார், விரதத்தில் மருந்து எடுத்தால் குற்றமோ என்று. “மருந்து சாப்பாடில்லையே அம்மா. உயிர் இருந்தால்தானே விரதம்,” என்றார் ஐயர். இதைப் போன வருடமே கேட்டிருந்தால் என்று நினைத்து நினைத்து அவர் மெலிந்துபோனார். நாங்கள் ஏதோ விரதம் பிடித்து மெலிந்தார் என்று பேசிக்கொண்டோம். எங்கள் கண்பார்வை அவ்வளவுதான்.

காப்புக் கட்டுகிற அன்று காலை நானும் வரிசையில் நின்றேன். நானும் கந்தசட்டி பிடிக்கிறவன், ஒருநேரச் சாப்பாட்டோடு, கள்ள விரதம். வரிசை கால் கழுவுகிற குழாய் வரை நீண்டிருந்தது. முன்னுக்குச் சிவனேஸ்வரி வந்து நின்றார், கையில் அந்தப் பழக்குகிற பம்ப். கோயில்காரர் மைக் கொடுத்தார், அவர் வேண்டாமென்றார்.

“நான் சிவனேஸ்வரி. மருந்துக்கடையில நிக்கிறனான். போன வருசம் சூரன் தூக்கின ஜசிந்தன் எண்ட பிள்ளை விரதத்துக்குப் பம்ப் அடிக்கலாமோ எண்டு என்னைக் கேட்டவர். ஆறு நாள்தானே, விடும் எண்டு நான் சொன்னனான். அதைக் கேட்டு விட்டவர். அவர் செத்ததுக்கு அதுதான் காரணம்.”

எனக்குப் பின்னால் நின்ற ஒரு அம்மா, “இதை ஏன் இவ பேரைச் சொல்லிச் சொல்லுறா, பொதுவாச் சொல்லலாமே,” என்று முணுமுணுத்தார். இன்னொருவர், விதி முடிந்தால் பம்ப் என்ன செய்யும் என்றார். எனக்கு அந்த ஆளின் வாயைப் பொத்த வேண்டும் போலிருந்தது. சட்டைப்பையில் என்னுடைய செம்மஞ்சள் பம்பை வைத்துக்கொண்டு, இந்த ஆறு நாளும் அடிப்பதா விடுவதா என்று காலையிலிருந்து யோசித்துக்கொண்டிருந்தவன் நான். வெட்கத்தில் காது சுட்டது.

சிவனேஸ்வரி தொடர்ந்து சொன்னார். விரதத்திலும் மருந்தை விடக்கூடாது. நீலத்தை அடிக்கடி எடுக்க வேண்டி வந்தால் பாரம் தூக்கக்கூடாது, ஓடக்கூடாது, உடனே சொல்ல வேண்டும். மூச்சு முட்டினால் ஆளை நிமிர்த்தி இருத்துங்கள், நீலத்தில் நாலு தரம், ஒவ்வொன்றுக்கும் நாலு மூச்சு, நாலு நிமிடம் பாருங்கள், குறையாவிட்டால் திரும்பவும் நாலு, அப்போதும் குறையாவிட்டால் ஆம்புலன்ஸ். மோசமாகத் தெரிந்தால் காத்திருக்கவே வேண்டாம். சொல்லிக்கொண்டு வந்தவர், கண் வரிசையில் ஓரிடத்தில் போய் நிற்க, அப்படியே நிறுத்திவிட்டார்.

நிரஞ்சினி வரிசையிலிருந்து வெளியே வந்தாள். வெள்ளைச் சேலை இல்லை, சாதாரண நீலச் சட்டை. அவள் யாரென்று தெரிந்தவர்கள் விலகி வழிவிட்டார்கள். நேரே சிவனேஸ்வரிக்கு முன்னால், மேசைக்கு முன்னால் வாடிக்கையாளர் நிற்பது போல, வந்து நின்றாள். பையைத் திறந்து பம்பை எடுத்தாள். நான் பக்கத்தில்தான் நின்றேன், அதன் முதுகில் 84 என்று இருந்தது எனக்குத் தெரிந்தது.

இரண்டு தரம் தொண்டையைச் செருமினாள்.

“அன்ரி,” என்றாள், எல்லோருக்கும் கேட்கத்தக்கதாக. “கந்தசட்டிக்கு இந்தச் செம்மஞ்சள் பம்ப் அடிக்கலாமோ?”

சிவனேஸ்வரியின் கையிலிருந்த பம்ப் கீழே விழுந்தது. யாரும் அதை எடுக்கவில்லை. அவர் நிரஞ்சினியைப் பார்க்கவில்லை, நிரஞ்சினிக்குப் பின்னால், கொஞ்சம் உயரத்தில், ஒரு முகம் இருக்கிற இடத்தைப் பார்த்தார்.

“அடியும் தம்பி,” என்றார். “விரதம் முறியாது. ஒரு நாளும் விடாதையும். அடிச்சிட்டு வாயைக் கொப்பளிச்சுத் துப்பிப்போட்டு வாரும்.”

நிரஞ்சினி கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு கால் கழுவுகிற குழாயடிக்குப் போய், பம்பைக் குலுக்கி, தன் வாயில் வைக்காமல் காற்றில் இரண்டு தரம் அமத்தினாள். எண்ணைப் பார்த்தாள். குழாயைத் திறந்து ஒரு கை தண்ணீர் அள்ளி வாய் கொப்பளித்துத் துப்பினாள். பம்பைப் பைக்குள் வைத்துவிட்டு வந்து, காப்புக் கட்ட வரிசையின் கடைசியில் நின்றாள்.